கொப்புளம் காய்ந்த பிறகும் பிள்ளையின் நடையைப் பாருங்கள்

எங்கள் ஊர்களில் அம்மாள் வருத்தத்துக்கு, அதாவது கொப்புளிப்பானுக்கு (சின்னம்மைக்கு), ஒரு முடிவு நாள் உண்டு. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்த தண்ணீரில் பிள்ளையை முழுக வார்ப்பார்கள். வாசலில் கட்டிய வேப்பிலை கழற்றப்படும். குசினியில் மீண்டும் தாளிதம் மணக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும். கொப்புளிப்பான் வந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குச் சரியாகவே இருக்கும். தோலில் வந்தது தோலோடு போய்விடும்.

எங்கள் மகனுக்கு அப்படிப் போகவில்லை. முழுக வார்த்த பிறகுதான் சோதனை தொடங்கியது. அவனுடைய சிறுமூளை பாதிக்கப்பட்டு, சில கிழமைகள் நேராக நடக்கவோ, கோப்பையைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகவோ முடியாமல் இருந்தான். இன்று கோண்டாவில் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடித் திரிகிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய் இதை வாசிக்கக்கூடும். அவள் கடைசி வரி வரை நெஞ்சு பதற வாசிக்க வேண்டியதில்லை.

அது பங்குனி மாதம். வெயில் ஏறினால் அம்மாள் வருத்தமும் வரும் என்பது யாழ்ப்பாணத்தில் பாட்டன் காலத்துப் பேச்சு. மகன் ஆண்டு இரண்டில் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வராமல் நின்றார்கள். கிருமி உடம்புக்குள் போய் 10 முதல் 21 நாட்களுக்குள் வருத்தம் வெளிப்படும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். ஆகவே எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை. அந்தத் தாய் தகப்பனைக் கோபிப்பதில் நியாயமும் இல்லை.

முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றிலும் முதுகிலும் கொப்புளங்கள், பிறகு தலைமயிருக்குள்ளும் வாய்க்குள்ளும். எங்கள் குடும்ப டொக்டர் பரசிற்றமோல் பாணியும், கடிக்கு (அரிப்புக்கு) ஒரு மருந்தும், பூசுவதற்குக் கலமைனும் தந்தார். பரசிற்றமோலை வயதைப் பார்த்து ஊற்றாமல் எடையைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதித் தந்தார்: பிள்ளையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. ஐபுபுரோபன் வேண்டாம் என்றார். கொப்புளிப்பானோடு அதைக் கொடுத்த பிள்ளைகளிடம் தோலில் கடுமையான கிருமித்தொற்று கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அஸ்பிரின் வீட்டில் எந்த உருவத்தில் இருந்தாலும் பிள்ளையின் பக்கம் போகக் கூடாது என்றார். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பராமரிப்பு மாமியின் கையில் இருந்தது. மாமி என் கணவரின் தாய், மகனுக்கு அப்பம்மா. வந்தவுடன் அவனுடைய நகங்களை ஒட்ட வெட்டிவிட்டார். கையால் சொறிந்தால் கொப்புளம் புண்ணாகிச் சீழ்ப்பிடிக்கும். ஆகவே வேப்பங்குழையால் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார். பாயில் வெள்ளை வேட்டி, குடிக்க இளநீரும் மோரும், வாய்ப்புண் எரியாத அளவுக்கு ஆறவைத்த கஞ்சி. நவீன மருத்துவம் படித்த எவரும் இதில் குறை சொல்ல முடியாது. கொப்புளிப்பானுக்கு நம் பெண்கள் கைவைத்தியமாகச் செய்துவந்த பராமரிப்பில் பெரும் பகுதி நல்ல பராமரிப்பே. நான் மதிப்போடுதான் சொல்கிறேன்.

முழுக வார்த்துச் சில நாள் கழித்து, ஒரு காலையில், மகன் பாயில் இருந்து எழும்பிக் குசினிப் பக்கம் போனான். போகும்போது சுவரில் கை வைத்துக்கொண்டே போனான். நான் அடுப்படியில் நின்றேன். மாமிதான் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, அவன் காலை அகட்டி அகட்டி வைக்கிறான். இது களைப்பு நடை இல்லை."

அன்று வீட்டுக்கு வந்திருந்த மச்சாள், காய்ச்சல் கிடந்த பிள்ளைக்குக் கால் தள்ளாடத்தான் செய்யும், நல்ல சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொன்னதில் அன்பு இருந்தது, பிழை சொல்வதற்கு இல்லை. மாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. களைத்த பிள்ளை படுக்கத் தேடும். இவன் விளையாடத் தேடுகிறான், கால்தான் சொன்ன இடத்தில் விழவில்லை என்றார். அவனைப் படுக்கவைத்துத் தன் உள்ளங்கையில் உதைக்கச் சொன்னார். நன்றாகப் பலமாக உதைத்தான். எழுப்பி நிற்கவைத்தால் உடம்பு முன்னும் பின்னும் அசைந்தது.

பிறகு குழந்தை நல வைத்திய நிபுணர் ஒருவர் எனக்கு விளக்கியதும் இதே வேறுபாட்டைத்தான். பலம் குறைவது வேறு, சமநிலை குறைவது வேறு. தசையில் வலு இருக்கும். அந்த வலுவை எவ்வளவு, எப்போது, எந்தத் திசையில் பயன்படுத்துவது என்ற ஒழுங்கைச் சிறுமூளை தருகிறது. அது குழம்பினால் பிள்ளை கால்களை அகட்டி வைத்து நடக்கும், திரும்பும்போது சாயும், ஒரு பொருளை எட்டும்போது கை நடுங்கித் தாண்டிப் போகும், இருக்கவைத்தாலும் உடம்பு ஆடும். மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவர் பிள்ளைகளை வளர்த்தவர், நடையை நடையாகப் பார்த்தவர்.

மதியத்துக்குள் மேலும் சில விடயங்கள் தெரிந்தன. இருமுறை வாந்தி எடுத்தான். பேச்சு இழுபட்டது, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உருட்டிப் பேசுவதுபோல் இருந்தது. பக்கவாட்டில் எதையாவது பார்க்கச் சொன்னால் கண்மணி சிறிதாகத் துடித்தது. ஆனால் காய்ச்சல் இல்லை, ஆளை அடையாளம் தெரிந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னான், பசிக்கிறது என்றும் சொன்னான்.

முழுக வார்ப்பதை மூன்று தடவை செய்வது வழக்கம், மூன்றாம் தண்ணீர் வார்க்காமல் பிள்ளையைப் படலைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அயலில் ஒருவர் சொன்னார். என் மனமும் ஒரு கணம் தயங்கியது, ஏனென்றால் நானும் அம்மாளைக் கும்பிடுகிறவள்தான். மாமி விளக்கேற்றி, மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பங்குனித் திங்களில் பொங்குவதாக நேர்ந்துகொண்டார். திருநீறு பூசிவிட்டு, "அம்மாள் பிள்ளையை எடுக்க வரவில்லை, பார்க்க வந்தவள். கொண்டு போ" என்றார். அம்மனையும் ஆஸ்பத்திரியையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்கு அவர் சொன்ன இந்த ஒரு வசனத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

புறப்படுவதற்கு முன் என் கணவர் மகன் நடப்பதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அது எவ்வளவு உதவியது என்பதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். பலாலி வீதியில் ஓட்டோ போய்க்கொண்டிருக்கும்போதே பிள்ளை தூங்கிவிட்டான். தூக்கத்தில் இருந்து எழும்பிய பிள்ளை அழுது, நடக்க மறுத்துவிடும். படத்தைப் பார்த்த டொக்டர் உடனே பிள்ளையை உள்ளே எடுத்தார். உங்களிடம் படம் இருந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் வாசலிலேயே இப்படிச் சொல்லுங்கள்: பிள்ளைக்குக் கொப்புளிப்பான் தொடங்கி இத்தனை நாள், இன்று நடை தடுமாறுகிறது. காய்ச்சல், வாந்தி என்று தொடங்கினால் முக்கியமான செய்தி பின்னுக்குப் போய்விடும். கொப்புளிப்பான் என்று முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொருக்கு எல்லாம் காயாத பிள்ளையாக இருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்த மற்றப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தொற்றாமல் அவர்கள் தனியே இருத்துவார்கள்.

பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. டொக்டர் தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு உன் மூக்கைத் தொடு என்றார். விரல் மூக்குக்குப் பதில் கன்னத்தில் போய் விழுந்தது. குதிக்காலை மற்றக் காலின் முழங்காலில் வைத்துக் கீழே இழுக்கச் சொன்னார். கழுத்தை மடக்கிப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், காதைப் பார்த்தார். கேள்விகளும் நிறையக் கேட்டார். தலையில் அடிபட்டதா? வீட்டில் வலிப்புக்கோ தூக்கத்துக்கோ பாவிக்கும் குளிசை இருக்கிறதா? அலரிக் காய் போன்ற எதையும் வாயில் வைத்தானா? கடிக்குத் தந்த மருந்தை எத்தனை தடவை, எவ்வளவு கொடுத்தீர்கள்?

கடைசிக் கேள்வியின் காரணத்தைப் பிறகு கேட்டறிந்தேன். கடிக்குத் தரும் பல பாணிகளும் குளிசைகளும் தூக்கம் தருபவை. அளவு கூடினால் அவையே பிள்ளையைத் தள்ளாட வைக்கும், மயக்கமும் தரும். அப்போது வந்திருப்பது மருந்தா வருத்தமா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். மாமி ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரமும் அளவும் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாளை டொக்டர் வாங்கிக் கட்டிலோடு இருந்த கோப்பில் செருகினார்.

கொப்புளிப்பானுக்குப் பின் வரும் சிறுமூளைத் தடுமாற்றம் என்று அவர் பெயர் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு போராடும்போது சிறுமூளையிலும் அழற்சி உண்டாவதே பெரும்பாலும் காரணம் என்று கருதப்படுகிறது. கொப்புளம் தோன்றி ஒரு கிழமை அளவில் தொடங்குவது அதிகம். மூன்று கிழமை வரையும் வரலாம். அரிதாக, கொப்புளம் தெரிவதற்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு. தடுப்பூசி போடாத பிள்ளைகளில் ஏறத்தாழ 4,000 பேருக்குக் கொப்புளிப்பான் வந்தால் ஒருவருக்கு இது வரும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. பெரும்பாலான பிள்ளைகள் சில கிழமைகளில் முற்றாகத் தேறிவிடுவார்கள். இதற்கென்று தனி மருந்து எதுவும் நிச்சயமாகப் பலன் தருவதாக நிறுவப்படவில்லை. பார்த்துக்கொண்டிருப்பதும், விழாமல் காப்பதும், உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பதும்தான் வைத்தியம்.

ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது வைத்தியம் என்று ஏற்றுக்கொள்வது ஒரு தாய்க்கு இலகுவல்ல. சேலைன் ஏற்றினால், ஊசி போட்டால் மனம் ஆறும். ஆனால் அந்தப் பார்த்துக்கொண்டிருத்தல் எவ்வளவு கவனமான வேலை என்பதை விடுதியில் கண்டேன். தாதியர் இரவிலும் அவனை எழுப்பிப் பெயர் கேட்டார்கள், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். கொப்புளிப்பான் வந்த பிள்ளைக்கு வேறு வருத்தம் வராது என்று இல்லையே. சிறுமூளைப் பக்கத்தில் கட்டி இருந்தாலும் இதே தள்ளாட்டமும் வாந்தியும் வரும், அதனால்தான் ஸ்கான். முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை எங்கள் பிள்ளைக்குத் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவன் தெளிவாக இருந்தான், காய்ச்சலோ கழுத்து விறைப்போ இல்லை. உங்கள் பிள்ளைக்குத் தேவை என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். அந்த நீரில்தான் மூளையில் தொற்று இருக்கிறதா என்பது தெரியும்.

அதே விடுதிக்கு, எங்களுக்குப் பிறகு, ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் கொப்புளிப்பான்தான். ஆனால் அவள் நிலை வேறு. காய்ச்சல் விட்டுப் போய் மீண்டும் ஏறியிருந்தது. கடுமையான தலையிடி என்று அழுதவள், பிறகு தாயை அடையாளம் காணாமல் பிதற்றத் தொடங்கியிருக்கிறாள். வரும் வழியில் வலிப்பும் வந்துவிட்டது. அவளை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, நாளம் வழியாக வைரசுக்கு எதிரான அசிக்குளோவிர் மருந்து கொடுத்தார்கள். அது மூளை அழற்சி. எங்கள் மகனுக்கு வந்ததைவிட அரிதானது, பலமடங்கு ஆபத்தானது. அதில் மணித்தியாலங்கள் முக்கியம். அந்தப் பிள்ளையின் தாயோடு அன்றிரவு தாழ்வாரத்தில் இருந்தேன். அவள் நல்ல தாய், ஒரு நிமிடமும் வீணாக்காமல் கொண்டுவந்திருந்தாள். சிறுமி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்ற செய்தி வந்தபோது விடுதியே அழுதது.

ஆகவே நடை தள்ளாட்டத்தை அன்றே காட்ட வேண்டும் என்றால், இவற்றை அந்த நிமிடமே காட்ட வேண்டும்: எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஆளை மாறிப் பேசுவது, வலிப்பு, கழுத்தை மடக்க முடியாத வலி, நிற்காத வாந்தி, உடம்பின் ஒரு பக்கம் சோர்வது, வாய் கோணுவது, விட்ட காய்ச்சல் திரும்புவது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வரும் சாதாரண வலிப்பும் உண்டுதான். ஆனால் கொப்புளிப்பானோடு வரும் வலிப்பை அப்படி நாமே முடிவுசெய்துகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

இப்போது அஸ்பிரின். நம் வீடுகளில் பெரியவர்களின் தலையிடிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் குளிசை ஒன்று எப்போதும் அலுமாரியில் இருக்கும். இதய வருத்தம் உள்ள தாத்தாவுக்கு இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் சிறிய குளிசையும் இருக்கும். இரண்டும் அஸ்பிரின். 1963இல் ஆஸ்திரேலிய நோயியல் நிபுணர் டக்ளஸ் ரை என்பவர், சாதாரணக் காய்ச்சல் போன்ற வருத்தத்துக்குப் பின் பிள்ளைகளின் மூளை வீங்கி, ஈரல் கொழுப்பேறிச் சிதையும் ஒரு நோயை விவரித்தார். அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கொப்புளிப்பான் அல்லது இன்புளுவென்சா வந்த நேரத்தில் அஸ்பிரின் கொடுத்த பிள்ளைகளில் அது கூடுதலாக வந்தது பின்னர் தெரிந்தது. அமெரிக்காவில் 1979–80 பருவத்தில் மட்டும் 555 பிள்ளைகளுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு அஸ்பிரின் வேண்டாம் என்ற எச்சரிக்கை பரவிய பிறகு, 1987இல் இருந்து எந்த ஆண்டிலும் 36க்கு மேல் போகவில்லை. ஒரு குளிசையை அலுமாரியின் மேல்தட்டில் வைத்ததால் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் இவர்கள். வேறு ஒரு நோய்க்காக டொக்டர் சொல்லியே அஸ்பிரின் எடுக்கும் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தால், அல்லது வந்தவரோடு இருந்தால், உடனே அந்த டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான உழைப்பு. யாழ்ப்பாணத்து வளவில் தள்ளாடும் பிள்ளைக்கு முதல் ஆபத்து கிணறு. எங்கள் கிணற்றுக் கட்டு அவன் இடுப்பளவுதான். என் கணவர் அன்றே கிணற்றடியைச் சுற்றித் தகரம் அடைத்துப் பூட்டினார். பிறகு வாசற்படிகள், ஈரமான குளியல் தளம், அடுப்படி. பாயில் இருந்து எழும்பும்போது பிடிக்க ஒரு மரக் கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்தோம். கழிப்பறையில் குந்த முடியாததால் கதிரைக் கொமட் ஒன்றை இரவல் வாங்கினோம். கோப்பையில் தேநீர் கொடுத்தால் பாதி நெஞ்சில் சிந்தியது. மாமி பழைய மூக்குப்பேணியைத் தேய்த்து எடுத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். குடிக்கும்போது புரையேறி இருமினால் நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். விழுங்குவதும் ஒழுங்கிழந்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். சோற்றைப் பருப்போடு குழைத்துத் திரட்டிக் கையில் கொடுத்தால் அவனே சாப்பிட்டான். தானே சாப்பிட்டேன் என்ற பெருமை அந்த நாட்களில் அவனுக்கு மருந்தாக இருந்தது.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டித்தந்த பயிற்சிகளை விளையாட்டாக மாற்றினோம். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் போடுவது, நிலத்தில் கீறிய கோட்டில் நடப்பது, பந்தை உருட்டிப் பிடிப்பது. கொப்பியில் எழுதுவதுதான் கடைசியாகத் திரும்பியது. 'இ' எழுதினால் சுழி வரியைத் தாண்டி ஓடியது. அவன் அழுதான். நடை சரியாகிவிட்டதே, எழுத்து ஏன் வரவில்லை என்று எனக்கும் பயம். நுட்பமான கை வேலை பிந்தித்தான் வரும் என்று டொக்டர் சொன்னார், வந்தது. வகுப்பு ஆசிரியர் அவனுக்குப் பெரிய கட்டமுள்ள கொப்பி வாங்கிக் கொடுத்து, எழுத்து அழகுக்குப் புள்ளி குறைக்காமல் விட்டார். பள்ளிக்கூடம் திரும்பும்போது ஆசிரியருக்கு நிலையை எழுதிக் கொடுங்கள். தள்ளாடுகிற பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவதும், அதைத் தாங்காமல் பிள்ளை நடக்கவே மறுப்பதும் நடக்கும்.

சரியாகும் வேகம் ஒரே சீராக இருக்காது. நேற்று நடந்தவன் இன்று காலை தடுமாறுவான், மாலையில் ஓடப் பார்ப்பான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முன்னேற்றம் இருக்க வேண்டும். நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு போனாலோ, கிழமைகள் கடந்தும் அசையாமல் நின்றாலோ, குறித்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொப்புளிப்பான் கிருமி மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைப் பாதித்து, பிள்ளைகளுக்கும் பக்கவாதம் வரலாம். வருத்தம் முடிந்து மாதங்கள் கழித்துக்கூட வரும். முதல் 6 மாதங்களில் அந்த ஆபத்து வழமையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று பிரித்தானியாவில் செய்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அப்படியும் அது மிக அரிது. இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஒரு கை திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சு நின்றாலோ, டொக்டரிடம் "கடந்த ஆண்டுக்குள் கொப்புளிப்பான் வந்தது" என்று சொல்ல நினைவிருக்க வேண்டும். அவர்கள் கேட்காமலும் விடலாம், ஏனென்றால் பிள்ளையின் தோலில் அப்போது அடையாளம் எதுவும் இருக்காது.

தடுப்பூசியைப் பற்றி எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கொப்புளிப்பான் ஊசி இல்லை. அதனால் கிளினிக்கில் எல்லா ஊசியும் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் தாய்க்கு இப்படி ஒன்று இருப்பதே காதில் விழுவதில்லை. தனியார் வைத்தியசாலைகளில் பணம் கட்டிப் போடலாம். அந்த ஊசியை உருவாக்கியவர் ஜப்பானியரான மிச்சியாக்கி தகாஹாஷி. 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையான கொப்புளிப்பான் வந்து, இரவிரவாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். பத்து ஆண்டுகளில், 1974இல், ஊசியைக் கண்டுபிடித்தார். அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இரண்டு தடவை போட்டால் 90 வீதத்துக்கு மேல் கொப்புளிப்பானைத் தடுக்கும். மீறி வந்தாலும் பெரும்பாலும் இலேசாகவே வரும். ஊசி போட்ட பிறகும் 6 கிழமைக்கு அஸ்பிரின் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி போடுவதில்லை. அவர்கள் கொப்புளிப்பான் வந்தவரோடு இருந்துவிட்டால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறு வழி உண்டு. ஸ்டீரொயிட் மருந்து எடுக்கும் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்வார்கள்.

மகனுக்குக் கொப்புளம் தெரிந்த உடனேயே, குடும்ப டொக்டரின் சொல்லைக் கேட்டு, எங்கள் சின்ன மகளுக்கு ஊசி போட்டோம். தொற்றியிருக்கக்கூடிய நாளில் இருந்து 3 நாட்களுக்குள், பிந்தினாலும் 5 நாட்களுக்குள் போட்டால் அது வருத்தத்தைத் தடுக்கலாம் அல்லது குறைக்கலாம். அவளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கொப்புளங்கள் மட்டும் வந்தன, காய்ச்சல் இல்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டுவிட்டோம். தனியாரிடம் போடும் ஊசி பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தானாக ஏறாது. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், திகதியையும் ஊசியின் பெயரையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள்.